கிணற்றடிக் குழி

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.8.2025

அத்தைக்கு,

அனுசியா எழுதுகிறேன். நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷம் நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள், நான் அழுகிறேன், உங்கள் மகன் போனைப் பிடுங்கி அணைத்துவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சொல்லியே விட்டார். "நீ சொன்னதை அங்க சொன்னா அங்க ஏச்சு. அவிய சொன்னதை இங்க சொன்னா இங்க ஏச்சு. மில்லுல நின்னு கால் வீங்கி வாரேன், இதுக்கு வேற என்னால முடியாது. ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்லா? எழுதிக் குடுங்க, கொண்டுபோய்ச் சேக்கேன்."

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் இறங்கிய எடை இன்னும் ஏறவில்லை. ஒன்றே கால் வயதுக் குழந்தையைத் தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா திட்டுகிறாள்.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை, பயந்துதான் வந்தேன். பாப்பாவின் ஆயை டாய்லெட்டில் கொட்டி, துணியைத் தனியாக அலசுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்? வேலியோரக் குப்பைமேட்டில்தான் எறிந்தீர்கள். அதைக் கோழி கிளறும். அதே கோழி அடுப்படிக்குள் வரும். பாப்பா தவழ்ந்து போய்க் கீழே கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும். மாமாவும் உங்கள் மகனும் நீங்களும் ஓடைக்கரைக்குப் போகிறீர்கள். அதே செருப்பு வீட்டு வாசல்வரை வருகிறது.

என் நிபந்தனை ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் டாய்லெட்டுக்குப் போக வேண்டும். பாப்பாவுடையதும் அதில்தான் போக வேண்டும். அதுவரை நான் அங்கே வர மாட்டேன்.

அனுசியா


ராஜபாளையம்
10.8.2025

அனுசியாவுக்கு சீனியம்மாள் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. உங்கள் மாமா வெளியே போன நேரம் பார்த்து ரெண்டு தடவை படித்தேன். எட்டாவது வரை படித்தவள்தான், ஆனால் நீ எழுதினது எல்லாம் புரிந்தது.

நீ பயந்து போனதாக எழுதியிருக்கிறாய். போனவள் சும்மா போயிருக்கலாம். பாப்பாவுக்கு ட்ரிப் ஏறும்போது டாக்டரம்மா ஏதோ கேட்டதற்கு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என்ன சொன்னாய்? "எங்க வீட்ல டாய்லெட்டுக்குப் போறது நான் ஒருத்திதான் டாக்டர், மத்தவங்க எல்லாம் ஓடைக்கரைதான்." நர்சுப் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. என் கையில் பாப்பாவின் பால்பாட்டில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இதுவரை யாரும் என்னை அப்படி நிறுத்தினது இல்லை.

அந்தக் கக்கூஸ் உனக்காகக் கட்டினது. கல்யாணம் பேசும்போது உன் அப்பா, டாய்லெட் இருந்தால்தான் பெண் தருவேன் என்றார். உங்கள் மாமா மூச்சுக் காட்டாமல் கட்டினார். நீ வந்த நாள் முதல் அதில் போகிறாய். யாராவது ஒரு சொல் சொன்னோமா?

நாங்கள் போவது எங்கள் பழக்கம். விடியுமுன் வெள்ளைத்தாய் வந்து சன்னலைத் தட்டுவாள். அவள் மருமகள் கதை, என் மருமகள் கதை, எல்லாம் போகும்போதும் வரும்போதும்தான். அதற்குப் பிறகு நாள் முழுக்க எனக்கு வாய் திறக்க நேரம் ஏது? அந்த நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இன்னும் பல்லே முழுசாக முளைக்காத பிள்ளையின் பீ என்ன செய்துவிடும்? உன் புருஷன் குழந்தையாக இருந்தபோதும் இதே குப்பைமேடுதான். கல்லு மாதிரி இருக்கிறான்.

நீ ரெண்டு ஊர்த் தண்ணியையும் பாப்பாவுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தாய். அதுதான் சேரவில்லை. நம் கிணற்றுத் தண்ணி கல்கண்டு. அதைக் குடித்து யாருக்கும் ஒன்றும் வந்தது இல்லை.

பருப்புப்பொடி கொடுத்துவிட்டிருக்கிறேன். பாப்பாவுக்கு நெய் ஊற்றிப் பிசைந்து கொடு.

சீனியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.8.2025

அத்தைக்கு,

பருப்புப்பொடி பாப்பாவுக்குப் பிடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்படிச் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயத்தை நான் திரும்ப வாங்க மாட்டேன். பிள்ளையின் ஆய் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுடையதைவிட அதில்தான் கிருமி அதிகம் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள், எனக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிணற்றுத் தண்ணி கல்கண்டு என்றால் சோதித்துப் பார்த்துவிடலாமா? என்னோடு படித்த விஜி இங்கே தண்ணீர் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் கொடுத்த பாட்டிலை இவரிடம் கொடுத்துவிடுகிறேன். உள்ளே விரல் படக் கூடாது. வாளியில் இறைத்ததும் நேராக ஊற்றி மூடிவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இறைத்து அன்றைக்கே இவர் கொண்டு வர வேண்டும், ஐஸ் வைத்து.

தண்ணி நல்லது என்று வந்தால் அதைப் பற்றி நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். அப்புறம் குப்பைமேட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இங்கே தெருவில் எல்லாரும் "இன்னும் போகலையா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே "பாப்பா தேறட்டும்" என்று பதில் சொல்கிறாள்.

அனுசியா


ராஜபாளையம்
24.8.2025

அனுசியாவுக்கு,

நீ சொன்ன மாதிரியே தண்ணி பிடித்து அனுப்புகிறேன். மீன்காரன் மாதிரி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் புருஷன் பஸ் ஏறுகிறான். உங்கள் மாமா பார்த்துவிட்டார். "எங்க அப்பா வெட்டின கெணத்துக்கு பரீட்சை வைக்காளாக்கும்? பாஸ் மார்க் எம்புட்டுன்னு கேட்டு எழுது" என்றார்.

மழை ரெண்டு நாளாகச் சாரல். கிணற்றில் தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கிறது.

பாப்பா எனக்கு டாட்டா காட்டுகிறதா என்று கேட்டால் உன் புருஷன் போனில் படம் காட்டுகிறான். படத்தில் யாருக்குக் காட்டுகிறது என்று தெரியவில்லை.

சீனியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
31.8.2025

அத்தைக்கு,

நேற்று விஜி முடிவைச் சொன்னாள். முதலில் இதைச் செய்யுங்கள்: இன்றைக்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க ஆரம்பியுங்கள். கொதி வந்த பிறகும் கொஞ்ச நேரம் அடுப்பில் விடுங்கள். மாமாவுக்கும் அதையே கொடுங்கள், முனகினாலும். கிணற்றுத் தண்ணியில் மனுஷ வயிற்றிலிருந்து வருகிற கிருமி இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் லேப்புக்குப் போனேன். ஓடைக்கரையிலிருந்து மழைத்தண்ணி வந்து கிணற்றில் இறங்கியிருக்கும் என்றேன். விஜி சிரிக்காமல் கேட்டாள்: "ஓடை எம்புட்டு தூரம்?" அரைக் கிலோமீட்டர் இருக்கும் என்றேன். "உங்க வீட்டு டாய்லெட் குழி கெணத்துலருந்து எம்புட்டு தூரம்?" பத்தடி இருக்கும் என்றேன். "குழி எத்தனை? எம்புட்டு ஆழம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை அத்தை. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே கட்டி முடித்திருந்தார்கள். கதவுக்குள்ளே இருப்பதுதான் எனக்குத் தெரியும். தண்ணி ஊற்றினால் போய்விடும், அதற்கப்புறம் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குழி ஆழமில்லாமல் இருந்தால் மண்ணே வடிகட்டிவிடுமாம். ஆழமாகப் போய் ஊற்றைத் தொட்டுவிட்டால் கிணறும் குழியும் ஒன்றுதான் என்கிறாள். மாமாவிடம் கேட்டு எழுதுங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை.

அனுசியா


ராஜபாளையம்
7.9.2025

அனுசியாவுக்கு,

தண்ணி கொதிக்கிறது. ருசி போய்விட்டது என்று உங்கள் மாமா செம்பைத் தள்ளி வைக்கிறார். பிறகு தாகம் வந்து குடிக்கிறார்.

குழி கதை எனக்கே தெரியும், அவரைக் கேட்க வேண்டியதில்லை. கட்டும்போது ரெண்டு சின்னக் குழி என்றுதான் படம் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று நிறைந்தால் அதை மூடிப் போட்டுவிட்டு மற்றதற்கு மாற்ற வேண்டும். மூடினது மண்ணானதும் அள்ள வேண்டும். உங்கள் மாமா அந்தப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அள்ளுறது யாரு? அதுக்குன்னு ஒரு சனத்தைக் கூப்பிடுற காலம் போச்சு, கூப்பிடவும் மாட்டேன். நானும் அள்ள மாட்டேன். பேத்திக்குப் பேத்தி வந்தாலும் நெறையாத குழியா வெட்டு" என்று கொத்தனார் தவசிமுத்துவிடம் சொல்லிவிட்டார்.

ஒரே குழி. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. சிமெண்ட் உறை இறக்க இறக்க ஊரில் நாலு பேர் வந்து எட்டிப் பார்த்து "நல்ல குழி" என்று சொல்லிப் போனார்கள். கீழே ஈரம் கண்டதும் தவசிமுத்து, "அண்ணாச்சி, போதும்" என்றான். இவர்தான் இன்னும் ரெண்டு உறை என்றார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கிணற்றுப் பக்கம் ஏன் வெட்டினார்கள் என்றால், கொல்லையில் வேறு இடம் ஏது? தெற்குக் கடைசியில் கன்னி மூலை. அங்கேதான் மாமாவின் அக்கா பேச்சியம்மாளுக்குக் கல் நட்டிருக்கிறது. ஒன்பது வயதில் போனவள். தை மாதம் பாவாடை சட்டை, வளையல், சீனிச்சேவு வைத்துக் கும்பிடுவதை நீயும் பார்த்திருக்கிறாய். அந்தப் பக்கம் கைகால் கழுவிய தண்ணி கூட ஓட விட மாட்டார்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஓடைக்குப் போகிறோம் என்று எங்களைச் சொன்னாய். அந்தக் குழிக்குள் போனது நீ ஒருத்தியுடையதுதானே? உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நீயே யோசித்திருப்பாய். யோசித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்காதே என்றுதான் எழுதுகிறேன்.

சீனியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.2025

அத்தைக்கு,

யோசித்தேன். லேப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே யோசித்துவிட்டேன். யாராவது அதை எனக்குச் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். நீங்கள்தான் சொன்னீர்கள். நீங்கள் சொன்னதால் பரவாயில்லை.

எல்லாரும் அதில் போங்கள் என்று நான் போட்ட நிபந்தனையை நீங்கள் கேட்டிருந்தால் கிணறு இன்னும் மோசமாகியிருக்கும். அதற்காக ஓடைக்கரைதான் சரி என்று எழுத மாட்டேன். பாப்பாவைக் குளிப்பாட்டும்போது முதுகெலும்பு கையில் தட்டுகிறது. எனக்குச் சரி எது என்று சீக்கிரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விஜியிடமும், அவள் சொன்ன ஒரு என்ஜினீயரிடமும் கேட்டேன். பழைய குழியை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பி மூடிவிட வேண்டும். கிணற்றுத் தண்ணியைக் குடிப்பதை விட்டுவிட வேண்டும், துணி துவைக்கலாம். புதிதாக ரெண்டு குழி, இடுப்பளவு ஆழம் போதும். சிமெண்ட் தொட்டி கட்டலாமா என்று கேட்டேன். கட்டலாம், ஆனால் நம் சந்துக்குள் உறிஞ்சுகிற லாரி வராது. கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கன்னி மூலைதான் வருகிறது. இதை மாமாவிடம் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அள்ளுவது யார் என்று மாமா கேட்டால், நான் அள்ளுகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு குழியை மூடி ஒன்றரை வருஷம் விட்டுவிட்டால் உள்ளே இருப்பது மண்தான், நாற்றம்கூட இருக்காதாம். நானும் உங்கள் மகனும் அள்ளித் தென்னைக்குப் போட்டுவிடுவோம். இவர் பக்கத்தில் நின்று இதைப் படித்துவிட்டு, "என்னைக் கேக்காம என் பேரையும் சேத்துட்டியே" என்கிறார். இருந்தாலும் அழி என்று சொல்லவில்லை.

அனுசியா


ராஜபாளையம்
5.10.2025

அனுசியாவுக்கு,

மூன்று வாரம் உனக்கு எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் நடக்காமல் இருந்து, பிறகு எல்லாம் சேர்ந்து நடந்தது.

உன் கடிதத்தை உங்கள் மாமா சாப்பிடும்போது வாசித்தேன். கன்னி மூலை என்றதும் கையை உதறிவிட்டார். "எங்க அக்கா தலையில குழி வெட்டச் சொல்லுதாளா? நீயும் வாசிச்சிக்கிட்டு இருக்கே?" பாதிச் சோற்றோடு எழுந்து போனவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. தண்ணி வேண்டும் என்றால் செம்பைத் தட்டுவார்.

அஞ்சாம் நாள் நானாகச் சொன்னேன். "உங்க அக்கா எதுல போனா? வாந்திபேதில. பேத்தியும் அதே மாதிரி ஆஸ்பத்திரில கெடந்துச்சு. இப்ப அவகிட்டயே கேட்டா எந்திரிச்சி எடம் விடுவா" என்றேன். அவர் கன்னி மூலைப் பக்கம் பார்த்தார். "ஒம்போது வயசுப் பொம்பளப் புள்ளையை இத்தனை வருசமா மழையிலயும் வெயில்லயும் கொல்லையில நிறுத்தி வச்சிருக்கீக. சமைச்சுப் படைக்கிறவ நான் சொல்றேன், அவளை வீட்டுக்குள்ள கூப்பிடுங்க" என்றேன். எழுந்து வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை அவரே தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். கல்லைச் சுற்றி மெல்ல மண்ணை எடுத்து, கழுவி, புதுத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவீட்டில் மேற்குச் சுவரோரம் பலகை போட்டு வைத்தாயிற்று. வாசற்படி தாண்டும்போது "உள்ள வா தாயி" என்றார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி போய்விட்டேன்.

அடுத்த வாரம் தவசிமுத்து வந்தான். "ரெண்டு உறை கூட எறக்கவா அண்ணாச்சி?" என்று கேலி பண்ணினான். உங்கள் மாமா முறைத்துவிட்டு மம்பட்டியை வாங்கித் தானே வெட்ட ஆரம்பித்தார். ரெண்டு குழியும் இடுப்பளவுதான், நான் நின்று பார்த்தேன். பழைய குழிக்குக் கல்லும் மணலும் மூன்று டிராக்டர் போயிற்று. குடிக்கத் தெருக்குழாயில் பிடிக்கிறேன்.

நீ அள்ளுவதாக எழுதினதையும் சொன்னேன். "மருமக அள்ள நான் கட்டில்ல உக்காந்து பாக்கணுமோ?" என்றார். அப்படியானால் நீங்கள் அள்ளுவீர்களா என்று கேட்டதற்கு, "நெறையட்டும் பாப்போம்" என்றார்.

மாமா இன்னும் ஓடைக்குத்தான் போகிறார். உனக்குப் பொய் எழுத எனக்கு வராது. நான் கக்கூசுக்குப் போகிறேன். முதல் ரெண்டு நாள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் வரவே இல்லை. வெள்ளைத்தாய் கோபத்தில் இருக்கிறாள். "மருமக கால்ல விழுந்துட்டே" என்று தெருவில் சொல்கிறாள். நேற்று குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

குப்பைமேட்டை அள்ளி எரித்தாயிற்று. கோழியைக் கூட்டில் அடைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. பாப்பாவுக்கு அன்றைக்கு வந்தது எதனால்? நான் கொட்டின குப்பையாலா, உன் குழித் தண்ணியாலா? நீ படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும். என்னால்தான் என்றால் அதையும் எழுது. தெரிந்துகொள்ளாமல் உன்னை எந்த முகத்தோடு வா என்று கூப்பிடுவது?

சீனியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.10.2025

அத்தைக்கு,

உங்கள் கேள்வி என்னிடமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள்தான் காரணம் என்று நிச்சயமாக இருந்தேன். லேப்புக்குப் போய் வந்த பிறகு நான்தான் என்று நிச்சயமாக இருந்தேன். பாப்பாவுக்கு எடை பார்க்க நேற்று ராஜபாளையம் வந்தேன். வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றிருந்தேன். அந்த டாக்டரம்மாவிடம், இந்தத் தடவை கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன்.

"ரெண்டுல எதுவாவும் இருக்கலாம். அதை இனிமே கண்டுபிடிக்க முடியாதும்மா" என்றார்கள்.

பாப்பா அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதனால் என்று தெரியவில்லையே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் பாப்பா மடியில் தூங்கிவிட்டாள். அப்போது தோன்றியது. கண்டுபிடிக்க முடிந்திருந்தால், நம் ரெண்டு பேரில் ஒருத்தி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க முடியாது. அது நீங்களாக இருந்தாலும் நானாக இருந்தாலும், பாப்பாவை யார் தூக்கினாலும் மற்றவள் கையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாள். தெரியாமல் போனதே நல்லது அத்தை. இனி இதை நாம் ஒருவரையொருவர் கேட்க வேண்டாம்.

மாமா ஓடைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வந்து அவரிடமே சொல்கிறேன். அவரும் பதிலுக்குச் சொல்லட்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு நிபந்தனை போட்டது போதும்.

இதை இன்றைக்கே தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறோம். இரவுக்கு எனக்கும் சேர்த்து உலை வையுங்கள். பாப்பாவுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம், நாம் சாப்பிடுவதையே இப்போது சாப்பிடுகிறாள்.

அனுசியா